ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளராக இருந்த அந்தப் பெண்ணை எல்லாரும் விசில் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு விசில் எப்போதும் தொங்கும். பேச்சில் மகா சிக்கனம். ஓடாதே என்பதற்கு ஒரு ஊதல், காலை உதை என்பதற்கு ஒரு ஊதல், போதும் மேலே ஏறு என்பதற்கு நீளமாக ஒன்று. வாயால் திட்டு வாங்குவதைவிட அந்த விசிலுக்குத்தான் பிள்ளைகள் அதிகம் பயந்தார்கள்.

அவளுக்கு நீச்சல் வந்தது அப்பாவால். அவர் பாதாளச் சாக்கடையில் இறங்கி அடைப்பு எடுக்கிறவர். குழிக்குள் மூச்சை அடக்கத் தெரியாதவன் வீடு திரும்ப மாட்டான் என்பதால், வேலைக்குக் கிளம்புவதற்கு முன் வீட்டு முன்னால் இருந்த சிமென்ட் தொட்டியில் முகத்தை அமுக்கிப் பழகுவார். சின்னப் பெண்ணாக இருந்த இவள் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று தானும் முகத்தை அமுக்குவாள். ஒரு நாள் அவர் தலையைத் தூக்கிய பிறகும் இவள் தூக்கவில்லை. பதறிப்போய் முடியைப் பிடித்து இழுத்தால், ஜெயித்த சந்தோஷத்தில் சிரித்தாள். அப்பாவுக்குச் சோறு போட்ட மூச்சு மகளுக்குப் பதக்கம் வாங்கிக் கொடுத்தது. பள்ளி, மாவட்டம் என்று ஜெயித்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் நகராட்சி வேலையும் கிடைத்தது.

சேர்ந்த அன்று சூப்பிரண்டு கேட்டார். "வீடு எங்கம்மா?"

"ஆலை ரோட்டுப் பக்கம் சார்."

ஆலை ரோடு நீளமானது. தொடக்கத்தில் பங்களாக்கள், நடுவில் கடைகள். கடைசியில் கழிவுநீர் இறைக்கும் நிலையம். அதற்கும் பின்னால், முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். சாக்கடை, குப்பை வேலை பார்க்கிறவர்களுக்கென்று நகராட்சி கட்டியவை. ஊர் அதைப் பின்வரிசை என்று சொல்லும். சொல்லும்போதே மூக்கு லேசாகச் சுருங்கும். அவள் சொன்னது பொய் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவில்லை, பாதியைத்தான் மறைத்தாள். வேலை நிரந்தரமானதும் ஊருக்கு நடுவில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்துக்கொண்டாள். அப்பா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் எல்லாம் பொருந்தி, கடைசியில் பிறந்த வீடு எங்கே என்ற கேள்வியில் வந்து முறிந்தது. ஒரு கட்டத்துக்கு மேல் அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் 'எல்லாருக்கும் நீச்சல்' என்று ஒரு திட்டம் வந்தது. பின்வரிசைப் பிள்ளைகளுக்கும் குளத்தில் இலவசப் பயிற்சி. வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். பிள்ளைகளுக்கு ஒதுக்கிய நேரம் ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அந்தக் குளத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ரொம்பப் பழைய குளம். தண்ணீரை வடிகட்டும் இயந்திரம் என்றோ செத்துவிட்டது. அதனால் ஞாயிறு சாயங்காலம் மொத்தத் தண்ணீரையும் திறந்துவிட்டு, திங்கட்கிழமை தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் குளம் கண்ணாடி மாதிரி இருக்கும். வாரம் முழுக்க ஊரே குளித்து முடித்து, ஞாயிறு மதியம் வரும்போது அது பழைய பாட்டிலின் பச்சைக்கு வந்திருக்கும். முடி மிதக்கும். யார் காலிலோ ஒட்டியிருந்த பிளாஸ்திரி மிதக்கும். அந்தத் தண்ணீரில்தான் பின்வரிசைப் பிள்ளைகள் குதித்தார்கள். அவர்கள் மேலே ஏறிய கையோடு வடிகாலைத் திறந்துவிடுவார்கள்.

விசில் அக்காவுக்கு இது தெரியாதா? முதல் வாரமே தெரியும். தெரிந்தும் விசிலை ஊதிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளில் ஒரு பெண். ஒல்லியாக, கறுப்பாக, எதைச் சொன்னாலும் சுருக்கென்று ஒன்று திருப்பிச் சொல்கிறவள். வரிசையில் அவளுக்குக் கட்டெறும்பு என்று பெயர். தண்ணீரில் இறங்கிவிட்டால் அவளை யாராலும் பிடிக்க முடியாது. அவள்தான் ஒரு நாள் ஆரம்பித்தாள்.

"அக்கா, வாசல்ல பேனர்ல தண்ணி நீலமா இருக்கு. உள்ள ஏன் பச்சையா இருக்கு?"

"பேனர்ல போட்டா நீகூடத்தான் செவப்பா இருப்ப. வாய மூடிக்கிட்டு நீந்து. வாயத் தெறந்தா தண்ணி உள்ள போயிடும்."

"அந்தத் தண்ணி உள்ள போயிடுச்சேன்னுதான் கேக்கறேன்."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். விசில் அக்காவும் சிரித்தாள். ஆனால் வாரம் முழுக்க அந்தக் கேள்வி அவள் காலில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பள்ளி விடுமுறை வந்ததும், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளைகளைக் குளத்துக்கு வரச் சொன்னாள். நீந்துவதற்கு இல்லை. பார்வையாளர் படிக்கட்டின் மேல்வரிசையில் உட்கார வைத்தாள்.

கீழே வெயில் தண்ணீரின் அடிவரை இறங்கியிருந்தது. தரையில் பதித்த ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. ஓய்வுபெற்ற அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வக்கீல் என்று பெயர் வாங்கிய பையன் மெதுவாகக் கேட்டான். "அக்கா, இது வேற குளமா?"

அந்தக் கேள்வியைப் பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டாள். அன்று, "இல்லடா, அதேதான்" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அவள் பாடம் எதுவும் எடுக்கவில்லை. அவர்களையே பேசவிட்டாள்.

"நம்மகிட்ட கட்டணம் வாங்கறதில்ல. அதனால கடைசியில விடறாங்க" என்றான் வக்கீல்.

"சரி. அந்தப் பெரியவங்ககிட்ட வாங்கறாங்களா?"

யாருக்கும் தெரியவில்லை.

"அவங்களுக்கும் இலவசம்தான்" என்றாள் விசில் அக்கா.

இன்னொரு பெண், "நாம புதுசா சேர்ந்தவங்க" என்றாள். புதிதாகச் சேர்ந்த இன்னொரு பள்ளிக்குப் புதன்கிழமை கொடுத்திருக்கிறார்கள் என்று விசில் அக்கா சொன்னாள். "நமக்கு ஸ்கூல் இருக்குல்ல, அதான் ஞாயித்துக்கிழமை." அப்படியானால் சனிக்கிழமை ஏன் இல்லை? இப்படி ஒவ்வொரு காரணமாகத் தூக்கி, அதே காரணம் மற்றவர்களுக்கும் பொருந்துகிறதா என்று தட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் கட்டெறும்பு சொன்னாள். "நாங்க எறங்கின தண்ணியில அவங்க எறங்க மாட்டாங்க. அதானே?"

"யாராவது உன்கிட்ட அப்படிச் சொன்னாங்களா?"

"சொல்லல."

"சொல்லவே மாட்டாங்க. திட்டினா நமக்குத் தெரிஞ்சிடும், திருப்பித் திட்டிடலாம். இது உபசாரம் பண்ணிக்கிட்டு வரும். வாழப்பழத்துல ஊசி ஏத்தற மாதிரி. அதனாலதான் கண்ணால பார்த்துப் பழகணும்."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நீச்சலோடு இன்னொரு வகுப்பும் நடந்தது. ஈரத் தலையோடு படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்த வாரம் பார்த்ததை ஒவ்வொருவராகச் சொல்வார்கள். பழக்கடைக்காரர் மற்றவர்களைப் பொறுக்கி எடுக்க விடுகிறார், நம்மிடம் மட்டும் கைநீட்டிக் காட்டு, நான் எடுத்துத் தருகிறேன் என்கிறார். பள்ளியில் கழிப்பறை அடைத்துக்கொண்டால் டீச்சர் நேராக ஒரு பையனைப் பார்த்து, "உங்கப்பாவ வரச்சொல்லு" என்கிறார்.

"டாக்டர் வீட்டுப் பொண்ணுகிட்டயும்தான் மாத்திரை கேக்கறாங்க" என்று வக்கீல் வாதாடினான்.

"கேக்கறாங்க. 'உங்க அப்பாவுக்கு நேரம் இருக்குமாம்மா'ன்னு கேக்கறாங்க. எங்கப்பாவ மட்டும் வரச்சொல்லுன்னு சொல்றாங்க" என்றான் அந்தப் பையன்.

எல்லாவற்றையும் அவள் ஒப்புக்கொள்ளவும் இல்லை. "நீங்க என்னைப் பார்த்துத்தான் அதிகமா விசில் அடிக்கறீங்க. இதுவும் பாகுபாடுதான்" என்று வக்கீல் ஒருமுறை குற்றம் சாட்டினான்.

"ஈரத் தரையில நீதான்டா ஓடற. அது பாகுபாடு இல்ல, பல்லு ஒடையாம இருக்கறதுக்கு. பட்டதெல்லாம் பாகுபாடுன்னு சொன்னா, நெஜமா நடக்கறப்போ ஒருத்தனும் நம்ப மாட்டான்."

ஒரு ஞாயிறு, மற்றவர்கள் போன பிறகும் கட்டெறும்பு போகாமல் நின்றாள்.

"அக்கா, நீங்களும் எங்க வரிசையாமே? எங்கம்மா சொன்னாங்க. இங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதாமே?"

விசில் அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. "சொன்னா எப்படி நடத்துவாங்களோன்னு பயம்டி."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ நீங்களும் ஞாயித்துக்கிழமைதான்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

கொட்டிய இடம் வீங்கத்தானே செய்யும். அந்த வாரமே அவள் சூப்பிரண்டின் அறைக்குள் போனாள். சூப்பிரண்டு நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். யாரையும் கடிந்து பேச மாட்டார். பிள்ளைகளின் முறையைச் செவ்வாய்க்கு மாற்றச் சொல்லிக் கேட்டவள், அதே மூச்சில், "நானும் அந்த வரிசையில பொறந்தவதான் சார்" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நெஜமாவா? பார்த்தா அப்படித் தெரியவே இல்லையேம்மா! பாராட்டாத்தான் சொல்றேன்."

அதுவரை அவள் கையிலிருந்தே கோப்பை வாங்கியவர், மறுநாளிலிருந்து அவள் அதை மேசையில் வைத்துவிட்டுப் போன பிறகே எடுத்தார். அது அவருக்கே தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கண் தனக்கும் வந்துவிட்டதே என்று அலுத்துக்கொண்டாள்.

முறை மாறவில்லை. பிள்ளைகள் தாங்களே வந்து சூப்பிரண்டிடம் செவ்வாய்க்கிழமை வேண்டும் என்று கேட்டார்கள். அவர் எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தார். "அடடா, இப்படித்தான் கேக்கணும், சபாஷ்!" என்றார். இரண்டொரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, தோல் நோய் எதுவும் இல்லை என்று மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்றார். எல்லாரும் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று வாங்கி வந்தார்கள். ஒருவருக்கும் ஒரு படைகூட இல்லை. சான்றிதழை நீட்டியபடியே கட்டெறும்பு கேட்டாள். "சார், மத்த பேட்ச்சும் குடுத்திருக்காங்களா? அவங்களுத நாங்க பார்க்கலாமா?"

முதல் முறையாக அந்த நல்ல மனிதரின் சிரிப்பு அறுந்தது.

செவ்வாய் கிடைத்தது அவரால் இல்லை. குளத்தைப் பார்வையிட வந்த ஆணையர், கட்டெறும்பு நீந்துவதைப் பார்த்துவிட்டார். மாவட்டப் போட்டிக்கு அனுப்பலாம் என்றார். விசில் அக்கா அந்தச் சந்தர்ப்பத்தை விடாமல், நல்ல தண்ணீரில் பழகினால்தான் முடியும் என்றாள். "குடுங்களேன், அதுக்கென்ன இப்போ?" என்று சொல்லிவிட்டு ஆணையர் காரில் ஏறினார். அவருக்கு அது ஒரு வாக்கியம். அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் தலை சீவி, எண்ணெய் வைக்காமல், சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தார்கள். விசில் அக்கா சொல்லாமலே அப்படி வந்தார்கள். ஊதலுக்கு எல்லாரும் குதித்தார்கள்.

கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற பெரிய மனிதர்கள் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஒருவருக்கு அன்று லேசாக ஜலதோஷம். ஒருவருக்கு முக்கியமான வேலை ஞாபகம் வந்தது. ஒரு அம்மாள் தன் பிள்ளைகளிடம் இன்றைக்குக் குளோரின் ஜாஸ்தி, கண் எரியும் என்றாள். போகும்போது ஒருவர் விசில் அக்காவின் தோளைத் தொடாமல் தட்டுவதுபோல் காற்றில் தட்டி, "நல்ல சேவை பண்றீங்க" என்றார்.

அடுத்த வாரம் குளத்தில் பிள்ளைகளைத் தவிர யாரும் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. புதன், வியாழன் பேட்ச்சுகளும் தேய்ந்தன. "முழுக் குளமும் நம்ம குளம்!" என்று வக்கீல் மல்லாந்து மிதந்தபடி கத்தினான். கட்டெறும்பு மட்டும் கரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இது சந்தோஷப்படற விஷயம் இல்லைல்ல?"

"நீந்துடி. போட்டி வருது."

போட்டிக்கு முன் அறிவிப்புப் பலகை வந்தது. பராமரிப்புப் பணி. குளத்தின் அடியில் விரிசலாம். விசில் அக்கா அந்தத் தரையை ஓடு ஓடாகக் கையால் தடவிப் பார்த்தவள். எந்த விரிசலும் இல்லை. தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பராமரிக்க ஒரு கொத்தனார்கூட வரவில்லை. வெயிலில் காய்ந்து நிஜமாகவே விரிசல் விட்டது. அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, லாரி லாரியாக மண் கொட்டி மூடினார்கள். கட்டெறும்பு போட்டிக்குப் போகவில்லை. அனுப்ப வேண்டிய குளமே இல்லையே, யார் பெயரில் அனுப்புவது என்றார் சூப்பிரண்டு. வருத்தமாகத்தான் சொன்னார்.

அந்த ஞாயிறு விசில் அக்கா தன் அப்பாவைப் பார்க்கப் பின்வரிசைக்குப் போனபோது கட்டெறும்பின் அம்மா வழியில் மறித்துக்கொண்டாள். குப்பை வண்டி தள்ளிவிட்டு வந்த கையுறைகூடக் கழற்றவில்லை.

"நல்லா இருப்ப தாயி! எம்பொண்ணு அழுக்குத் தண்ணியோ என்ன தண்ணியோ, வாரத்துல ஒரு நாள் சிரிச்சிக்கிட்டு வருவா. நீ கண்ணத் தெறந்துவிட்ட. இப்போ என்ன இருக்கு பார்க்கறதுக்கு? புத்தி குடுத்தியே, தண்ணி குடுத்தியா?"

"நான் என்னக்கா பண்ணினேன்? அவங்கதானே மூடினாங்க."

"அவங்க அப்படித்தான்னு எங்களுக்குத் தெரியாதா? நீ சொல்லித்தான் தெரியணுமா? தெரிஞ்சிக்கிட்டே தெரியாத மாதிரி இருந்தோம். புள்ளைங்க கொஞ்ச நாளாவது தெரியாமலே இருக்கட்டுமேன்னு இருந்தோம். அதுல மண்ணப் போட்டியே."

வீட்டுக்குள் அப்பா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். குழிக்காற்று நுரையீரலைத் தின்றுவிட்டதால் நாலு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்தி இளைப்பாறித்தான் பேசுவார்.

"குழிக்குள்ள நிக்கறவன்... மேல நிக்கறவனப் பார்த்துக் கத்தக் கூடாதும்மா. கயிறு அவன் கையில இருக்கு."

"அப்போ எப்பத்தான்பா கத்தறது?"

அவர் நீண்ட நேரம் இளைத்தார். "நான் மேல ஏறினதும் கத்தலாம்னு இருந்தேன். ஏறினதும் குளிக்கணும்போல இருக்கும். கத்தத் தோணாது."

குளத்து ஊழியர்களுக்கு வேறு இடம் ஒதுக்கினார்கள். மண் கொட்டி மூடிய இடம் கார் நிறுத்துமிடம் ஆயிற்று. அங்கே டோக்கன் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. "உங்களுக்கு அலைச்சல் வேண்டாம்னு பார்த்தேன். அதே எடம்தான்மா" என்று சூப்பிரண்டு ஆணையைக் கையில் கொடுத்தார். ஆழமான பக்கம் இருந்த இடத்தில் ஒரு தகரக் கூண்டு போட்டிருந்தார்கள். நீச்சல்காரி அதற்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமைப் பெரிய மனிதர்களின் கார்களும் வந்தன. எல்லாரும் அன்பாக விசாரித்தார்கள்.

அடுத்த வருடம் நகராட்சி சமத்துவ வாரம் கொண்டாடியது. துண்டுப் பிரசுரத்தின் அட்டையில் பின்வரிசைப் பிள்ளைகள் நீலத் தண்ணீரில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த முதல் செவ்வாய்க்கிழமை எடுத்த படம். பள்ளிகளில் 'பாகுபாட்டை இனம் காணுதல்' பற்றிப் பேச அவளையே கூப்பிட்டார்கள். அனுபவம் உள்ளவளாம். ஒரு பள்ளிக்கு மட்டும் போனாள். பிரசுரத்தைத் தூக்கிக் காட்டி, "இந்தத் தண்ணி இப்ப எங்க இருக்குன்னு உங்க அப்பா அம்மாவக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அடுத்த பள்ளிக்கான அழைப்பு வரவில்லை. நேர்மறையாகப் பேசக்கூடிய ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டார்களாம்.

வருடங்கள் போயின. அப்பா போய்ச் சேர்ந்தார். வரிசையில் அவர் இருந்த வீட்டுக்கே அவள் குடிவந்தாள். வக்கீல் ஒரு கம்பெனி நேர்முகத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி, கடைசியில் முகவரி சொன்னதும் அவர்கள் பேனாவை மூடிவைத்ததைப் பார்த்துவிட்டு வந்தான். "முன்ன மாதிரி இருந்தா, நமக்கு அதிர்ஷ்டம் இல்லன்னு வந்திருப்பேன்க்கா. இப்ப காரணம் தெரியுது. தெரிஞ்சு கோவம் வருது. அத எங்க கொண்டுபோய் வைக்கறது?" என்று கேட்டான். அவன் இப்போது லாரி ஓட்டுகிறான்.

கட்டெறும்பு நர்ஸ் படிப்புக்கு வெளியூர் போனாள். ஒரு விடுமுறையில் டோக்கன் கூண்டுக்கு வந்தாள். இன்னும் ஒல்லிதான், ஆனால் குரலில் அவசரம் போயிருந்தது. கார்கள் குறைந்த நேரம். இரண்டு பேரும் கூண்டுக்கு வெளியே தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றார்கள்.

"ஹாஸ்டல் எப்படிடி இருக்கு?"

"எனக்குத் தனி ரூம்க்கா."

"பரவாயில்லையே!"

"மூணு பேரு இருக்கற ரூம்லதான் முதல்ல போட்டாங்க. அப்பா என்ன வேலைன்னு கேட்டாங்க, சொன்னேன். ஒருத்திக்குக் காத்து வரலன்னு வேற ரூம். இன்னொருத்திக்குச் சத்தம் ஜாஸ்தின்னு வேற ரூம். நான் வார்டன்கிட்ட போய் இது என்னன்னு எனக்குத் தெரியும்னேன். அவங்க ரொம்ப வருத்தப்பட்டாங்க. வசதியா இருக்கட்டும்னு எனக்கே எனக்குன்னு ரூமக் குடுத்துட்டாங்க. மத்தவளுங்க எல்லாம் பொறாமைப்படறாளுங்க." சிரித்தாள். "நீங்க சொல்லிக் குடுக்காம இருந்தா நானும் கால நீட்டி நல்லாத் தூங்கியிருப்பேன்."

"என்னைத் திட்டறியா?"

"தெரியலக்கா."

ஒரு கார் ஹாரன் அடித்தது. விசில் அக்கா போய் டோக்கன் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். கட்டெறும்பு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தங்கச்சி ஸ்கூல்ல வெள்ளிக்கிழமை நாடகம். இவளுக்கு மரம் வேஷம். போன வருஷமும் மரம்தான். எங்க வரிசைப் புள்ளைங்க அத்தனையும் மரம். இந்த வருஷம் நல்லா நின்னா அடுத்த வருஷம் பாறையா போடுவாங்க போலிருக்கு."

"அவ என்ன சொல்றா?"

"அதான்க்கா. அவ சந்தோஷமா இருக்கா. காகிதத்துல எல வெட்டி வெட்டி ஒட்டிக்கிட்டு, வீடு பூரா எல. கண்ணாடி முன்னால கைய விரிச்சுக்கிட்டு நிக்கறா. நான் என்ன சொல்ல? எப்படிச் சொல்ல?" "சும்மா இருந்துட்டேன். எங்கம்மா மாதிரியே."

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் போனார்கள். அரங்கம் நிறைந்திருந்தது. பின்னால், சுவரோரம் இடம் கிடைத்தது. திரை விலகியது. முன்னால் ராஜாவும் ராணியும் மந்திரியும் மினுமினுக்கும் உடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். மேடையின் கடைக்கோடியில், விளக்கு சரியாக விழாத இடத்தில், ஒரு காடு நின்றது. விசில் அக்கா ஒவ்வொரு மரமாகப் பார்த்தாள். ஒவ்வொன்றின் அப்பனையும் அவளுக்குத் தெரியும். ஓரத்து மரம் தன் அக்கா கட்டெறும்பைக் கூட்டத்தில் கண்டுபிடித்துவிட்டது. காற்றே இல்லாத அந்த மேடையில் கிளைகளை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. இலைகள் உதிர்ந்தன. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரு டீச்சர் திரை மறைவிலிருந்து, ஆடாதே என்று கையைக் காட்டினாள்.

"வீட்டுக்குப் போனதும் சொல்லிடவாக்கா?" என்று கட்டெறும்பு காதோரம் கேட்டாள்.

மரம் இன்னும் இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. விசில் அக்கா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள். யாரும் தட்டாத நேரத்தில் தட்டியதால் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாடகம் முடியட்டும்டி" என்றாள்.